பழைய தண்ணீர்

ஆய்வு நிலையத்தின் இயக்குநர் பாட்டில் மூடியைத் திருகத் தொடங்கியதும் மகள் உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டாள். எதிரே நின்ற அம்மாவைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தீர்ந்தது.

கூடத்தின் நடுவே அப்பா, கழுத்தில் மாலையோடு, இஸ்திரி போட்ட நீலச் சட்டையில், தனக்கு எதுவும் தெரியாது என்பதுபோல் படுத்திருந்தார்.

"இந்த நீர்," மைக் இல்லாத குறையை இயக்குநர் தொண்டையால் தீர்த்துக்கொண்டார், "நம் அன்பர் ஆழ்கடலின் அடியிலிருந்து மீட்டு வந்தது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் சூரியனையே காணாத நீர்!"

அப்பா கப்பலில் போய் ஆழத்து நீரை அள்ளி வந்து வயது பார்ப்பவர். காற்றிலிருக்கும் கதிரியக்கக் கார்பன் மேல்நீரில் கலக்கும்; குளிர்ந்த நீர் ஆழத்துக்குப் போய்விட்டால் புதிதாகக் கார்பன் சேராது, இருப்பதும் மெல்லத் தேயும். மிச்சத்தை அளந்தால் போதும். "கடைசியா எப்ப காத்து வாங்குச்சு, அடியில எவ்வளவு காலமா ஊர் சுத்துதுன்னு சொல்லிடலாம்" என்பார், ஓடிப்போன மாப்பிள்ளையைத் துப்பறிந்தவர்போல.

ஆனால் அளப்பதற்கு அமிலம் ஊற்றியாக வேண்டும். அப்புறம் அது கழிவுதான். நிலையத்தின் புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் இயக்குநர் பாட்டில் கேட்டபோது ஆழ்கடல் முழுவதும் சாக்கடைக்குப் போயிருந்தது. தண்ணீர் மிச்சமில்லை என்று அப்பா சொல்லிப் பார்த்தார். "அமைச்சர் வர்றாருய்யா" என்று பதில் வந்தது. அப்பா ஆய்வகக் குழாயைத் திறந்தார். அன்றிலிருந்து அந்தத் தண்ணீர் முகப்பில், கண்ணாடிப் பெட்டிக்குள், மஞ்சள் விளக்கின் கீழ் வீற்றிருந்தது. பெரிய மனிதர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

நேற்று ஆஸ்பத்திரியில், மூச்சுக்கு நடுவே, அப்பா சொல்லியிருந்தார்: "அந்த பாட்டிலைத் தூக்கிட்டு வருவார் பாரு. நீ சிரிச்சுடக் கூடாது."

"உங்களை மாதிரி எனக்குக் கல்லுமூஞ்சி வராதுப்பா."

"பாவம்மா. அவர் கடலைப் பார்த்ததே அந்த பாட்டில்லதான். காட்டிக் கொடுத்துடாதே. சத்தியம் பண்ணு."

பண்ணியிருந்தாள்.

இயக்குநர் அப்பாவின் சட்டைமேல் நீரைத் தெளித்தார். அத்தை முன்னால் வந்து கையை நீட்டினாள். "எனக்கும் ரெண்டு சொட்டு விடுங்க, முட்டிவலிக்கு."

"இதன் மருத்துவ குணங்கள் இன்னும் ஆராயப்படவில்லை அம்மா," என்றபடியே ஊற்றினார்.

அத்தை முட்டியில் தடவினாள். பிறகு எதற்கோ விரலை நக்கினாள்.

"கடல் தண்ணின்னீங்க. உப்பே இல்லையே?"

இயக்குநர் பாட்டிலைப் பார்த்தார். காதுமடல் சிவந்துகொண்டே வந்தது. மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தையே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஆயிரத்து ஐந்நூறு வயசு, அத்தை. அந்த வயசுல உப்பைக் குறைச்சுக்க வேண்டியதுதானே?"

"மிகச் சரி," என்றார் இயக்குநர். அத்தைக்கும் அது நியாயமாகப் பட்டது. அவளுக்கும் டாக்டர் அதையேதான் சொல்லியிருந்தார்.

வந்தவர்கள் வாசலுக்கு நகர்ந்ததும் அம்மா பாட்டிலோடு சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"என்னம்மா பண்றே?"

"குறைஞ்சிருக்கே. நாளைக்கு யாராவது கேட்டா இயக்குநர் என்ன பதில் சொல்வார்?" பழைய அளவுக்கு நிரப்பி, முந்தானையால் துடைத்து, மூடியை இறுக்கினாள். இயக்குநரின் டிரைவரிடம் இரண்டு கையாலும் கொடுத்தாள். "பத்திரம்ப்பா. வயசான தண்ணி."

மகள் கூடத்துக்கு வந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். அப்பாவின் நீலச் சட்டையில் ஈரம் பட்ட இடம் காற்றில் மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது.