படியடியில் சொன்ன குறை

இலஞ்சியில் உரக்கடைக்கு மேல்மாடியில் நான் கராத்தே வகுப்பு நடத்துகிறேன். பெரிய பிள்ளைகளுக்குக் காலையில். மூன்று வயதிலிருந்து ஐந்து வரை உள்ள பொடிசுகளுக்குத் திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம். பொடிசுகளுக்கு என்ன கராத்தே என்று கேலி பேசுகிறவர்கள் ஒருநாள் வந்து பார்க்கட்டும். கோட்டில் நிற்கணும், முறை வரும்வரை பொறுக்கணும், விசில் அடித்தால் ஓட்டத்தை நிறுத்தணும். இதைப் பழகிய பிள்ளை பள்ளிக்கூடத்தில் அழாமல் உட்காரும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் வாய்தான் சும்மா இருக்காது.

வகுப்பு முடிந்ததும் படியடியில் நின்று, பிள்ளைகளை ஒப்படைக்கும்போது அன்றைக்கு நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். "ஜோஷ்வா இன்னைக்கு யாரையும் தள்ளல. ஹஃப்சா சூப்பர். சஷ்மிதாதான் கோட்டுல நிக்கவே மாட்டேங்கா." சஷ்மிதாவின் அம்மா அனுசியா இதையெல்லாம் மற்றவர்களைவிடக் கவனமாகக் கேட்பாள். "நான் பாத்துக்கிடுதேன் மிஸ்" என்பாள். பொறுப்பான தாய் என்று நினைத்துக்கொள்வேன்.

சஷ்மிதாவுக்கு மூன்றரை வயது. இடுப்புப் பட்டையைச் சரிசெய்ய நான் கையை நீட்டினாலே, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொள்வாள். கூச்சத்தில் நெளிவது வேறு. இது அடி வாங்குகிற பிள்ளை. அப்பா சுபாஷ் போலீஸ்காரர், செக்போஸ்ட்டில் டூட்டி. ஆறடி உயரம், முறுக்கு மீசை. போதாதா? மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். ஒருநாள் அனுசியாவைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல அவரு கை நீட்டுவாரோ? மறைக்காம சொல்லு" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் குனிந்துகொண்டாள். அந்த மௌனத்தை எனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டேன்.

ஜூலையில் பெற்றோர் தினம் வைத்தேன். நாலு நாளாகச் சாரல் விடவில்லை. வெள்ளை உடுப்பு எதுவும் சரியாகக் காயாமல் மாடி முழுக்க ஈர வாடை. பெற்றவர் ஸ்பாஞ்சு சுற்றிய குச்சியை மெதுவாக ஓங்க வேண்டும், பிள்ளை கையை உயர்த்தித் தடுத்து "ஹே" என்று கத்த வேண்டும். இதுதான் அன்றைய விளையாட்டு. சுபாஷை வேண்டுமென்றேதான் முதலில் அழைத்தேன். நாலு பேர் முன்னால் அந்த ஆள் மாட்டட்டும் என்றுதான்.

அவர் ஓங்கினார். சஷ்மிதா தடுத்து "ஹே!" என்று கத்தியது கீழே உரக்கடை வரை கேட்டிருக்கும். "ஏட்டி, அப்பாவயே அடிக்கியா?" என்று அவர் பாயில் விழுந்து உருண்டார். அவள் அவர் வயிற்றில் ஏறி உட்கார்ந்து சிரித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"அடுத்து அம்மா" என்றேன்.

"எனக்கு வேண்டாமே மிஸ்" என்றாள் அனுசியா. சுபாஷ்தான் சிரித்துக்கொண்டே குச்சியை அவள் கையில் திணித்தார். அவள் தோள் உயரம்கூட ஓங்கவில்லை. சஷ்மிதா அப்படியே குத்தவைத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

"ஒழுங்கா நிப்பேம்மா. கோட்டுலயே நிப்பேம்மா."

யாரோ சிரிக்க ஆரம்பித்து அடங்கினார்கள். சுபாஷ் மனைவியையே பார்த்தார். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்.

எல்லாரும் போன பிறகும் அனுசியா பாயோரம் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன நாளா அடிக்க?" என்றேன்.

"நீங்கதான மிஸ் எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க? மத்த பிள்ளைக எல்லாம் நிக்குது, இவ மட்டும் நிக்க மாட்டேங்கான்னு. ஜோஷ்வா அம்மா என்னய ஒரு மாதிரி பாப்பா. வீட்டுக்குப் போயி சாக்பீஸால கோடு போட்டு நிப்பாட்டுவேன். கோட்ட விட்டு நவண்டா ஸ்கேல எடுப்பேன். அவரு டூட்டிக்குப் போயிருவாரு, அவருக்குத் தெரியாது."

"நான் குறைதான் சொன்னேன். அடிக்கவா சொன்னேன்?" என்று சீறினேன். "இந்த வயசுல எந்தப் பிள்ளையும் நிக்காதுட்டி. நிக்காததுனாலதான் கிளாஸே நடத்துதேன்."

"இத முதல்லயே சொல்லிருக்கலாம்லா?"

இன்னொரு தடவை கை வைத்தால் நானே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டு ஆளை வரச் சொல்வேன் என்று மிரட்டினேன். இலஞ்சிக் குமாரர் சாமிமேல் சத்தியமாக இனித் தொடமாட்டேன் என்று அழுதாள். நம்பினேனா? நம்ப ஆசைப்பட்டேன்.

திங்கட்கிழமை நாலரை மணி வரை படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார்கள். சஷ்மிதா அன்றைக்கு ஒரு நிமிடம்கூடக் கோட்டில் நிற்கவில்லை. ஓடினாள், பாயில் உருண்டாள், ஹஃப்சாவின் பட்டையை அவிழ்த்துவிட்டாள். நான் ஒரு வார்த்தை அதட்டவில்லை. முடிந்ததும் கீழே கூட்டிவந்து, எதுவும் சொல்லாமல் ஒப்படைத்தேன். அனுசியாவுக்கு அது போதவில்லை.

"இன்னைக்கு எப்படி நின்னா மிஸ்?"

சஷ்மிதா அண்ணாந்து என் வாயையே பார்த்தாள்.

"நல்லா நின்னா" என்றேன்.

அனுசியாவின் முகம் மலர்ந்தது. "என் தங்கம்லா!" என்று கொஞ்சி ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டாள். பொய் சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை. அதற்கு முன்னால் மாதக்கணக்காகச் சொன்ன நிஜங்கள்தான் நெஞ்சை அறுக்கின்றன. புதன்கிழமையும் அவள் கேட்பாள், நானும் நல்லா நின்னா என்றே சொல்வேன். ஆனால் வருகிற ஜூனில் சஷ்மிதாவை எல்.கே.ஜி.யில் சேர்க்கிறார்கள். அங்கே இருக்கிற மிஸ் ஒளிக்காமல் சொல்லிவிடுவாள்.