போன் எடுக்காத நாற்பத்தொரு பேர்

"இந்தப் பதினஞ்சு பேரோட விலாசம் வேணும் சார்."

விலாசம் மட்டும் கேட்டுவிடாதே, பெரிய டாக்டருக்கு ஆகாது என்று பதிவறைக்காரர் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இப்போது ஃபைல்களை மார்போடு அணைத்தபடி டாக்டரின் மேசையருகே ஆணியடித்தாற்போல் நின்றார்.

முதுகுத்தண்டில் திருகாணி பொருத்திக்கொண்ட நூற்றிருபது பேர். மூட்டை தூக்குகிறவர்கள், கொத்தனார்கள். ஒரு வருடம் கழித்து எப்படியிருக்கிறார்கள் என்று போனில் விசாரித்து எழுதுவது அவள் வேலை. காலை பத்திலிருந்து நாலு மணிக்குள் கூப்பிட வேண்டும். மூன்று தடவை எடுக்காதவர்களைக் கணக்கிலிருந்தே அடித்துவிட வேண்டும். எடுத்தவர்கள் எழுபத்தொன்பது பேர்; அதில் எழுபத்துநாலு பேர் நலம். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு என்று டாக்டரின் ஆராய்ச்சிக் கட்டுரையில் ஏறிவிட்டது.

"எதுக்கு விலாசம்? கல்யாணத்துக்கு அழைக்கப் போறியா?"

"எடுக்காத நாப்பத்தோரு பேர்ல இருபத்தாறு பேரை நேர்ல பாத்துட்டேன் சார். அவங்க டிஸ்சார்ஜ் சீட்டுல வீட்டு விலாசம் இருந்துச்சு. நாலு பேர் செத்துட்டாங்க. ஒம்பது பேர் படுத்த படுக்கை. பதிமூணு பேர் நல்லா வேலை செய்யறாங்க, அதையும் எழுதியிருக்கேன். மிச்சம் பதினஞ்சு பேர் சீட்டுல விலாசம் இல்ல."

"உன்னை யாரு போகச் சொன்னா? மூணு தடவை கூப்பிட்டாச்சுல்ல? அதோட முடிஞ்சுது."

"செத்தவனை முப்பது தடவை கூப்பிட்டாலும் எடுக்க மாட்டான் சார்."

பதிவறைக்காரர் வந்த சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார்.

"ஆபரேஷனாலதான் செத்தாங்களா? உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். தெரிஞ்சுக்கத்தானே ஆராய்ச்சி? ஒரு வீட்ல கட்டில் கம்பில சைக்கிள் டியூபைக் கட்டி வெச்சிருக்காங்க. அதைப் புடிச்சாத்தான் அந்த மனுஷன் புரள முடியுது. போனை வித்துத்தான் டயப்பர் வாங்கினாங்களாம். அவரையும் நீங்க கணக்குலேர்ந்து அடிச்சிட்டீங்க."

டாக்டர் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். 'ஒருவர் விடாமல் விசாரித்தேன்' என்பதற்குக் கீழே அவள் பெயர் அச்சாகியிருந்தது.

"கையெழுத்துப் போடு. பாவம், வீட்ல மொத டிகிரின்னு ஏத்திவிட்டா தலைமேலயே உக்காருவியா?"

"நீங்க ஏத்தல சார். மூட்டை தூக்கின எங்கப்பா முதுகு ஏத்துச்சு."

"நாளைக்கு உனக்கு இங்க வேலையில்ல."

"தெரியும். விடியக்காலையிலயே துணிஞ்சுட்டேன்."

அந்தத் தாளைத் தொடாமல், தான் நேரில் பார்த்த இருபத்தாறு பேர் பட்டியலின் நகலை மேசையில் வைத்தாள். அசலை மடித்துப் பைக்குள் செருகினாள். "இது மூணாவது மாடிக்குப் போகுது. நெறிமுறைக் குழுவுக்கு."

"அங்க உக்காந்திருக்கறது யாருன்னு தெரியுமா? என்கிட்ட படிச்சவன்!"

"இருக்கட்டுமே. வாங்கினதுக்கு முத்திரை குத்தித் தரணும்ல? அது போதும்."

"தாயி, பாத்துப் போ," என்றார் பதிவறைக்காரர், டாக்டருக்குக் கேட்காத குரலில்.

வெளியே தாழ்வாரத்தில் அடுத்த கூட்டம் காத்திருந்தது. உட்கார முடியாதவர்கள், இடுப்பில் பெல்ட்டோடு சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஒருவர் அவளை மறித்தார்.

"ஏம்மா, ஆபரேஷனுக்குக் கைநாட்டு வைக்கறது இங்கதானே?"

"வைக்காதீங்கண்ணே. கொஞ்சம் பொறுங்க."

"பொறுத்தா வரிசை போயிடுமேம்மா."

நர்ஸ் அவர் நம்பரைக் கூப்பிட்டாள். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து, கட்டை விரலை முன்கூட்டியே நீட்டிக்கொண்டு போனார். அவள் வேகமாக மாடிப்படி பக்கம் திரும்பினாள்.