பெட்டியின் இடது பக்கம்

"கதவத் திறக்காத, சூடு போயிடும்," என்றான் கெண்டல். ட்வைலா அடுப்புக் கதவின் பிடியில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள். அவளுடைய அடுப்பு. உள்ளே இருந்த தட்டும் அவள் பிஸ்கட் சுடுகிற தட்டுதான். அதன் மேல் நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தகடு படுத்துக் கிடந்தது. சமையல் மேடையில் இருபது பேருக்கான உருளைக்கிழங்கு, சீஸ் தூவி, வெண்ணெய் விட்டு, வேகக் காத்திருந்தது. நாளைக் காலை பதினோரு மணிக்கு அவள் தம்பி டஸ்டினின் அடக்கம். அது முடிந்ததும் சர்ச் கூடத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று சர்ச் பெண்கள் எழுதி ஒட்டிய தாளில் உருளைக்கிழங்குக்கு நேரே அவள் பெயர் இருந்தது. மணி மூன்றரை ஆகிவிட்டது. ஐந்தரைக்குக் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள், அதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும்.

மூன்று நாளாக அவள் புருஷனுக்கு இதே கூத்துதான். சாப்பாட்டு மேசையில் மாட்டுத்தோல் துண்டுகள், துளை போடும் கருவி, உப்புத்தாள், சின்னச் சின்னத் திருகாணிகள். சாப்பிட இடமில்லாமல் அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். இடுப்புக்குள் செருகுகிற துப்பாக்கி உறை செய்கிறாராம் மகராசன். உடம்பில் படுகிற பக்கம் தோல், அதன் மேல் துப்பாக்கியைக் கவ்விப் பிடிக்க வார்த்த பிளாஸ்டிக். கால்சட்டைக்குள் செருகி மேலே சட்டையைத் தொங்கவிட்டால் பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. மேசை இழுப்பறையில் கடையில் வாங்கிய உறைகள் நாலு கிடக்கின்றன. ஒன்று புடைக்கிறது, ஒன்று உட்கார்ந்தால் குத்துகிறது, ஒன்று வியர்வையில் நாறுகிறது. நாலாவதில் என்ன குறை என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அரை மணி நேரம் விளக்கம் சொல்வான். அடக்கத்துக்குப் போடும் கோட்டுக்குள் தெரியாமல் இருக்க ஒன்று வேண்டும், அது நாளைக்கே வேண்டும், அவ்வளவுதான் அவன் பேச்சு.

டஸ்டின் செத்தது பெட்ரோல் பங்கில். எவனோ ஒருவன் படகு ஏற்றிய வண்டியைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பம்பை மறித்து நிறுத்தியிருந்தான். எடுப்பா என்று இவன் சொன்னான், எடுக்க முடியாது என்று அவன் சொன்னான். வாய் தடித்தது. இவன் கையில் காப்பிக் குவளை இருந்தது. அவன் சட்டையைத் தூக்கி இடுப்பிலிருந்து உருவிச் சுட்டுவிட்டான். அன்று மாலை அக்கா வாண்டாவின் வீட்டு முற்றத்தில் குடும்பமே அழுதுகொண்டிருக்கும்போது கெண்டல் சும்மா இருக்காமல், "டஸ்டின் இடுப்புல ஒண்ணு இருந்திருந்தா இந்நேரம் நம்ம கூட உக்காந்திருப்பான்," என்றான். மூத்தவள் வாண்டா அப்போது அழுகையை நிறுத்தியவள்தான். பிறகு அவள் அழுது ட்வைலா பார்க்கவில்லை.

"சுட்டவன் சட்டைக்குள்ள வெச்சிருந்தது என் தம்பிக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா வாய மூடிட்டு வந்திருப்பான். நல்லா கேட்டுக்க, சர்ச்சுக்குள்ள எவன் இடுப்புலயும் அது இருக்கக் கூடாது. உன்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்," என்றாள் கெண்டலிடம். பிறகு ட்வைலா பக்கம் திரும்பி, "இந்தாளு கொண்டு வந்தா நீயும் அவரு கூடவே கிளம்பிடணும். டஸ்டின நீ வழியனுப்ப வேண்டாம்," என்றாள். கெண்டலே வேண்டாம் என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் பெட்டி தூக்க ஆறு ஆம்பளை வேண்டும். மர மில்லில் டஸ்டினோடு வேலை செய்தவர்களையும் சேர்த்து ஐந்து பேர்தான் தேறினார்கள்.

கெண்டல் தலையை ஆட்டினான். வீட்டுக்கு வந்ததும் தோலில் கோடு போட ஆரம்பித்தான். "சுட்டவனோட அண்ணன் ஊருக்குள்ளதான் சுத்துறான். ஏதாவது ஆச்சுன்னா உங்கக்கா பைபிளத் தூக்கி எறிவாளா?"

அதிலும் பெரிய வித்தைக்காரன் இல்லை. முதல் தகட்டை அடுப்பிலிருந்து எடுத்துத் துப்பாக்கி மேல் போடுவதற்குள் அது விறைத்துவிட்டது. இரண்டாவது ஒழுங்காகத்தான் படிந்தது. ஆனால் துப்பாக்கி முனையில் நிற்கிற குறிமுள்ளுக்கு வழி விட மறந்துவிட்டான். உள்ளே போன துப்பாக்கி வெளியே வரவில்லை. அவன் இழுத்த இழுப்பைப் பார்த்து ட்வைலாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் அவளுக்கு வந்த ஒரே சிரிப்பு அதுதான், அதையும் அவன் பார்த்துவிட்டான்.

இப்போது கையிருப்பில் கடைசித் தகடு. துப்பாக்கியில் குண்டு இல்லை என்று இரண்டு தடவை திறந்து காட்டினான். குறிமுள்ளை ஒட்டி ஒரு குச்சியை வைத்து டேப் சுற்றியிருந்தான். தரையில் ஒரு பலகை, அதன் மேல் அவள் தோட்டத்தில் மண்டி போட வைத்திருந்த பஞ்சு மெத்தை, இரண்டாகக் கிழிக்கப்பட்டு. கேட்காமலே கிழித்திருந்தான்.

"ட்வைலா, நீ கொஞ்சம் மேல ஏறி நிக்கணும்."

"எதுக்கு?"

"ஒருத்தன் கனம் பத்தல. நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். ஏழு நிமிஷம். இது கெட்டுச்சுன்னா நாளைக்குக் கடைசியா அந்தப் பழசத்தான் மாட்டணும், அது புடைக்கும், உங்கக்கா கண்ணுல படும். உனக்கு அதானே பயம்?"

"மாட்டாமலே வாயேன்."

"அடுப்பு வேணுமா வேண்டாமா உனக்கு?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் கையுறை மாட்டிக்கொண்டு தகட்டை எடுத்தான். அது பச்சை அப்பளம் மாதிரி கையில் தொய்ந்தது. துப்பாக்கி மேல் போர்த்தி, மெத்தை வைத்து, மேல் பலகையைப் போட்டான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். விழாமல் இருக்க இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இவ்வளவு நெருக்கத்தில் நின்று எத்தனையோ மாதம் ஆயிற்று. அவன் வாயில் காப்பி நாற்றம் அடித்தது. ஏழு நிமிஷமும் அவள் அவன் காதுக்குப் பின்னால் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த முறை அச்சுப் பிசகாமல் வந்தது. துப்பாக்கியின் ஒவ்வொரு வரியும் கறுப்புத் தகட்டில் பதிந்திருந்தது. ஓரம் வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, தோலோடு சேர்த்துத் திருகி முடித்தான். துப்பாக்கியை உள்ளே தள்ளினான். 'டக்' என்று கவ்வியது. தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினான், விழவில்லை. அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவளுக்கு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நன்றாகத்தான் செய்திருக்கிறான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள். உருளைக்கிழங்கை உள்ளே தள்ளிக் கதவை அறைந்து சாத்தினாள்.

அது வெந்துகொண்டிருக்கும்போதே வாண்டாவின் போன் வந்தது. பூ வந்துவிட்டது, பாட்டுக்காரி வருகிறாள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "அவரு சும்மாதானே வர்றாரு?" என்றாள்.

"சும்மாதான் வர்றாரு," என்றாள் ட்வைலா.

மறுநாள் சர்ச் வாசலில் கெண்டலைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டு அவ்வளவு பாந்தமாக இருந்தது. துளி புடைப்பு இல்லை. ஆனால் அந்த ஊரில் அடக்கத்துக்கு வருகிறவர்கள் யாரும் கை குலுக்கிவிட்டுப் போவதில்லை, கட்டிப்பிடிப்பார்கள். கிழவிகள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு முதுகைத் தடவிக் கொடுப்பார்கள். ஒவ்வொருத்தி நெருங்கும்போதும் கெண்டல் ஒரு அடி பின்னால் போய்க் கையை விறைப்பாக நீட்டினான். துக்கத்தில் இப்படி இருக்கிறான் பாவம் என்று ஒருத்தி சொன்னதைக் கேட்டு ட்வைலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாட்டு முழுவதும் அவன் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான். டஸ்டினின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வரிசையில் போனபோதும் குனியவில்லை.

ஜெபம் முடிந்து பெட்டியை மூடினார்கள். அடக்க வேலைகளைக் கவனிக்கும் ப்ரூயிட் என்ற பெரியவர் ஆறு பேரையும் உயரம் பார்த்துப் பக்கத்துக்கு மூன்றாக நிறுத்தினார். கெண்டலுக்கு இடது பக்கம், நடு இடம். இடது பக்கம் நிற்பவன் வலது கையால் தூக்க வேண்டும். நடக்கும்போது பெட்டி அவன் வலது இடுப்பை உரசிக்கொண்டே வரும். கெண்டலின் வலது இடுப்பில்தான் அது இருந்தது. மூன்று நாள் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் அளந்தவன் இதை யோசிக்கவே இல்லை. ட்வைலாவும் யோசிக்கவில்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும்தான் அவளுக்கு உறைத்தது.

"நான் அந்தப் பக்கம் நிக்கறேனே," என்றான், எதிரே நின்ற மில்காரனிடம்.

"எனக்கு வலது தோள்ல ஆபரேஷன் ஆகியிருக்கு. இடது கைதான் தூக்கும். நீங்க அங்கயே நில்லுங்க."

"எனக்கும் கை வலி. மாத்திக்கலாம்."

"எந்தக் கை?" என்று கேட்டாள் வாண்டா. முதல் வரிசையிலிருந்து எழுந்து வந்திருந்தாள். கெண்டல் பதில் சொல்வதற்குள் இரண்டு கையையும் விரித்து அவனைக் கட்டிக்கொண்டாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் அவனைக் கட்டிப்பிடித்ததே இல்லை. கல்யாணத்தன்றுகூட விரல் நுனியைத்தான் நீட்டினாள். பின் வரிசையில் யாரோ உருகி மூக்கைச் சிந்தினார்கள். வாண்டாவின் இடது கை கோட்டின் மேலே மெதுவாக இறங்கி இடுப்பில் நின்றது. கெண்டல் மரம் மாதிரி நின்றான்.

"போயிடு," என்றாள் அவன் தோளுக்கு மேலே, யாருக்கும் கேட்காத குரலில். பக்கத்தில் நின்ற ட்வைலாவுக்குக் கேட்டது. "பெட்டிய விட்டுட்டுப் போயிடு."

"வெளிய எவனாவது நின்னா உங்கள யாரு பாத்துப்பா?"

"பெட்டிக்குள்ள இருக்கறவன யாரும் பாத்துக்கல. எங்கள நாங்க பாத்துக்கறோம். போ."

அவள் விலகினாள். கண் ட்வைலா மேல் வந்து நின்றது. "உனக்குத் தெரியுமாடி?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது," என்றான் கெண்டல். "நானா கொண்டு வந்தேன்."

இப்படி ஒரு வார்த்தை அவனிடமிருந்து வரும் என்று ட்வைலா எதிர்பார்க்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிக்கொள்ளலாம். வாண்டாவும் அதைத்தான் நம்ப ஆசைப்படுகிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவன் தயவில் தம்பியை வழியனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"தெரியும். நான்தான் மேல ஏறி நின்னு அழுத்திக் கொடுத்தேன். நேத்து போன்லயும் உங்கிட்ட பொய்தான் சொன்னேன்."

வாண்டாவின் வாய் கோணியது. "அப்ப நீயும் கிளம்பு. சொன்னேன்ல?"

கெண்டல் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடைபாதை வழியே வெளியே போனான். கூட்டம் திரும்பிப் பார்த்தது. ப்ரூயிட் கனைத்துவிட்டு, "அஞ்சு பேரால படி இறங்க முடியாதும்மா," என்றார். ட்வைலா இடது பக்கம் காலியாக இருந்த நடு இடத்தில் போய் நின்று பித்தளைக் கம்பியைப் பிடித்தாள்.

"கைய எடு," என்றாள் வாண்டா.

"எடுக்க மாட்டேன்."

"ட்வைலா, கைய எடுன்னு சொல்றேன்."

"குழிகிட்ட கொண்டு போய் வெச்சப்புறம் என்ன வேணா பண்ணு. அடி. இனிமே வீட்டுப் படி ஏறாதன்னு சொல்லு. இப்ப எடுக்க மாட்டேன்."

ப்ரூயிட் வாண்டாவைப் பார்த்தார். அவள் கண் பெட்டி மேலேயே இருந்தது. அவர் தூக்கச் சொல்லித் தலையசைத்தார். தூக்கினார்கள். பெட்டி இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைக்கவில்லை. வாசலுக்கு வெளியே வெயிலில் கண் கூசியது. தூரத்தில் வண்டிகள் நிற்கிற இடத்தில் கெண்டல் தங்கள் டிரக்கின் மேல் சாய்ந்து, கோட்டைத் திறந்து போட்டுக்கொண்டு, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் வாண்டாவின் குதிகால் செருப்புச் சத்தம், நெருங்காமல், நிற்காமல், கூடவே வந்தது. முன்னால் போனவன் முதல் படியில் காலை வைத்தான். பெட்டி சரிந்து ட்வைலாவின் இடுப்பெலும்பில் இடித்தது. அடுத்த படியிலும் இடித்தது.