நோன்புக் கஞ்சிக்கு ஒரு வாய்

இருபத்து நாலு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஒரு மனுஷன் ஊர் திரும்பினால் அவனுக்கு என்ன வேலை கொடுப்பார்கள்? வாட்ச்மேன் வேலைதான், வேறென்ன! கள்ளக்குறிச்சியில் ஷேக் தாவூது ஏறி இறங்காத கடை இல்லை. எல்லோரும் அவர் மீசையைப் பார்த்தார்கள், தோளைப் பார்த்தார்கள், "நீங்க கேட்டாண்ட நின்னாலே போதும் பாய், ஒரு பய உள்ள வரமாட்டான்" என்றார்கள். பாவம், அவர் துப்பாக்கியைத் தொட்டதே வருஷத்துக்கு ஒரு தடவைதான், அதுவும் கட்டாயத்துக்கு. ராணுவத்தில் அவர் சமையல்காரர். லடாக் பனியிலும் அஸ்ஸாம் மழையிலும் பட்டாளத்துக்கே ஆக்கிப் போட்டவர்.

"எத்தினி பேர சுட்டீங்க பாய்?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

"நான் சுட்டதெல்லாம் ரொட்டிதாம்பா" என்பார். சிரிப்பார்களே தவிர, யாரும் கரண்டியைக் கையில் கொடுக்க மாட்டார்கள்.

வீட்டிலும் கதை அதுதான். அவர் மனைவி ரஜியா தனியாகவே குடும்பம் நடத்திப் பழகிவிட்டவள். "பென்ஷன் வருதில்ல, செத்த குந்துங்க. என் அடுப்பாண்ட மட்டும் வராதீங்க" என்று சொல்லிவிட்டாள். கேட்டில் நின்று சல்யூட் அடித்தே மிச்ச ஆயுசும் போய்விடுமோ என்று மனுஷனுக்கு உள்ளூர பயம் பிடித்துக்கொண்டது.

கடைசியில் சாதுல்லா பாயிடம் போனார். சுற்றுவட்டாரத்தில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் விருந்து பெரும்பாலும் சாதுல்லாவின் ஏற்பாடுதான். அவருடைய பழைய பண்டாரி, அதாவது விருந்துச் சமையல்காரர், மகனோடு சென்னைக்குப் போய்விட்டிருந்தார்.

"மிலிட்டரி சாப்பாடு வேற, ஊர் வாய் வேற தாவூது" என்றார் சாதுல்லா. "நாளைலேர்ந்து நோன்பு. பள்ளிவாசல்ல கஞ்சி காச்சுங்க, பாப்போம். நல்லாருந்தா பெருநாள் கழிச்சி நீங்கதான் என் பண்டாரி. இல்லன்னா நம்ம குடோனுக்கு வாட்ச்மேன் வேணும்."

வாட்ச்மேன்! இங்கேயும் அதேதானா!

முதல் நோன்பன்று மத்தியானத் தொழுகை முடிந்ததும் தாவூது பெரிய தேக்சாவை அடுப்பில் ஏற்றினார். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி, தேங்காய்ப்பால் என்று ஒவ்வொன்றாக உள்ளே போனது. சாயங்காலம் கஞ்சி கொதித்து இறங்குகிற நேரத்தில்தான் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. பட்டாளத்தில் அதிகாரி ஒருவர் ருசி பார்க்காமல் ஒரு சட்டியும் வெளியே போகாது. இங்கேயோ எல்லோரும் நோன்பு. அப்படியானால் இதை யார்தான் ருசி பார்ப்பது?

பாங்கு சொல்லும் மோதினாரைக் கேட்டார். "பழைய பண்டாரி ஆவிய மோந்தே சொல்லிடுவாரு" என்றார் மோதினார், என்னவோ பெரிய ரகசியத்தைச் சொல்வதுபோல. தாவூதும் குனிந்து மோந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்ததுதான் மிச்சம்.

மதிலுக்கு வெளியே கல்வராயன் மலையிலிருந்து வந்த மரவள்ளிக் கிழங்கு லாரி நின்றிருந்தது. மூட்டை இறக்கிவிட்டு பச்சமுத்து நிழலில் உட்கார்ந்திருந்தார். கச்சிராயபாளையத்துக்காரர். வருஷா வருஷம் நோன்பு மாசத்தில் சொம்போடு வந்து நின்று, கஞ்சி வாங்கிக்கொண்டு கடைசி டவுன் பஸ் ஏறுகிறவர்.

"பச்சமுத்து, இங்க வாப்பா. எப்பிடி இருக்குதுன்னு சொல்லு."

பச்சமுத்து இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்தார். "ரொம்ப நல்லாருக்குதுங்க" என்றார். தாவூதுக்கு நிம்மதியாகப் போயிற்று.

பாங்கு ஒலித்தது. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு கஞ்சியை வாயில் வைத்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"தாவூது" என்றார் சாதுல்லா, "கடையில உப்புன்னு ஒன்னு விக்கிறாங்களே, தெரியுமா?"

வரிசையே சிரித்தது. நடந்தது இதுதான். பட்டாளத்துச் சமையலறையில் உப்புப் போடுவது உதவியாளின் வேலை. இவர் "உப்பு!" என்று குரல் கொடுப்பார், அவன் "போட்டாச்சு" என்பான். உப்பு ஜாடியைத் தாவூது கையால் தொட்டே எத்தனையோ வருஷமாகிவிட்டது.

"நாளைக்கி ஒரு நாள் பாக்கறேன்" என்றார் சாதுல்லா. "அப்புறம் குடோன் சாவிய வாங்கிக்கிங்க."

வீட்டுக்கு நடக்கும்போது தாவூதுக்கு உப்பைவிட பச்சமுத்துதான் பெரிய புதிராக இருந்தார். உப்பே இல்லாத கஞ்சியை ஒரு மனுஷன் எப்படி நல்லாருக்கு என்று சொல்வான்? நாக்கு செத்துவிட்டதா? யோசிக்க யோசிக்க வேறொன்று நினைவுக்கு வந்தது. பட்டாளத்தில் பெரிய அதிகாரி வந்து சாப்பாடு எப்படி என்று கேட்டால், ஜவான்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் "டீக் ஹை ஸாப்!", அதாவது "நல்லாருக்குங்க ஐயா!" என்று கத்துவார்கள். அதைக் கேட்டு எத்தனை நாள் நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது! அடப்பாவிகளா, அதில் எத்தனை பேர் நிஜத்தைச் சொன்னீர்கள்?

மறுநாள் தன் கையாலேயே உப்பைப் போட்டார். பிறகு பச்சமுத்துவை அழைத்து வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நேத்து உப்பு இல்ல. உனக்குத் தெரிஞ்சிதா, இல்லியா?"

பச்சமுத்து தரையைப் பார்த்தார். "தெரிஞ்சிதுங்க."

"அப்புறம் ஏன்யா சொல்லல?"

"வருசா வருசம் சும்மா ஊத்தறீங்க. எங்கூட்ல புள்ளைங்க இத குடிச்சிட்டுத்தான் படுக்குது. குத்தம் சொல்லிட்டு நாளைக்கி எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொம்ப நீட்டறதுங்க?"

 தாவூது பச்சமுத்துவின் சொம்பை வாங்கி, விளிம்பு வரைக்கும் கஞ்சியை ஊற்றி அவர் மடியருகே வைத்தார்.

"உன் கஞ்சி உன்கிட்ட வந்தாச்சு. இனிமே நீ இன்னா சொன்னாலும் ஒருத்தரும் புடுங்க மாட்டாங்க. நெசத்த சொல்லு. இல்லன்னா நான் கேட்டாண்ட போய் நிக்கணும்."

 பச்சமுத்து கிண்ணத்தை எடுத்துக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார்.

"உப்பு சரிங்க" என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, "வெந்தயம் ஜாஸ்தி. பின்னால கசக்குது. இஞ்சி கம்மி" என்றார். தாவூது தலையாட்டவும் மனுஷனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "தேங்காப்பாலு தண்ணியா கீதுங்க. நேத்தும் அப்பிடித்தான். போன வருசம் பாதி நாளு அடி புடிச்ச வாசன வேற!"

மோதினார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். தாவூதோ அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தார். இஞ்சியைத் தட்டிப் போட்டார், கெட்டிப்பால் பிழிந்து ஊற்றினார், கசப்பு அடங்க வெங்காயத்தைச் சிவக்க வதக்கிக் கொட்டினார். பச்சமுத்து மறுபடி ருசி பார்த்தார். மறுபடி கொஞ்சம் இஞ்சி போனது. பழைய சொம்புக் கஞ்சியைக் கொட்டிவிட்டு புதுசை நிரப்பினார் தாவூது.

பாங்கு ஒலித்தது. சாதுல்லா ஒரு டம்ளர் குடித்தார். இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

"யார் சொல்லிக் குடுத்தது?"

தாவூது மதில் ஓரம் கையைக் காட்டினார். சாதுல்லா அந்தப் பக்கம் திரும்பி, "இன்னாய்யா, கஞ்சி எப்பிடி இருக்குது?" என்று கேட்டார்.

வரிசை முழுக்க பச்சமுத்துவைப் பார்த்தது. அவர் எழுந்து நின்றார். சாதுல்லாவின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், தாவூதைப் பார்த்தார்.

"புதினா பத்தலீங்க."

 சாதுல்லா இன்னொரு வாய் குடித்து, நாக்கில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"ஆமா, பத்தலதான்" என்றார். "பெருநாள் கழிச்சி திருக்கோவிலூர்ல ஒரு கல்யாணம். ரெண்டு பேரும் வந்துடுங்க."