விரதம் என்று எழுதிவிட்டார்கள்

மரக்காணம் உப்பளப் பெண்கள் வேலை முடியும்வரை தண்ணீர் குடிப்பதில்லை; அது சூரியனுக்கு இருக்கும் விரதம். சமூகவியல் பாடநூலில் இப்படித்தான் இருந்தது. எழுதியவர் பெரிய பேராசிரியர், ஆண். ஒதுங்க இடமில்லாததால்தான் குடிப்பதில்லை என்று முன்பின் தெரியாத ஆம்பளையிடம் யார் சொல்வார்கள்? அன்று வெட்கப்பட்டு, "விரதம்ங்க" என்று சொல்லிவைத்தவர்களில் என் அம்மா அந்தோணியம்மாளும் ஒருத்தி. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவள் சூரியனுக்கு ஏன் விரதம் இருக்கிறாள் என்றுகூட அந்த மனிதருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

படிக்கும் காலத்தில் லீவு விட்டால் நானும் அம்மாவோடு உப்பு வாரியவள். இன்று கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன். திருத்தச் சொல்லி எழுதி எழுதி அலுத்துவிட்டது. இப்போது நூல் மறுபதிப்பாகிறது. பதிப்பாசிரியர் அருள்மொழி மேடம் போனில் இதமாகத்தான் சொன்னார்.

"செல்வி, அது உங்க சொந்த அனுபவம். ஆதாரம் வேணும் இல்லையா?"

இந்த முறையும் விட்டால் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பொய்யை எழுதி மார்க் வாங்குவார்கள்.

"நேர்ல வந்து பாருங்க மேடம்" என்றேன்.

தொப்பியும் பெரிய தண்ணீர் பாட்டிலுமாக வந்து இறங்கினார். டிரைவர் காரை எடுத்துக்கொண்டு கூனிமேட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். மேடம் வரப்பில் நடந்தபடி பெண்களிடம் கேள்வி கேட்டார். நடுநடுவே தண்ணீர் குடித்தார். உச்சிவெயிலில் அவர் பேச்சு குறைந்தது. சுற்றிலும் பார்த்தார். ஒரே வெட்டவெளி, ஒரு மரம்கூடக் கிடையாது. உப்புக் குவியலுக்குப் பின்னால் ஆண்கள் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

உப்பு வாரிக்கொண்டிருந்த சின்னப்பாப்பா அக்கா, மேடம் கீழே வைத்திருந்த பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"தண்ணி குடிங்கம்மா, வெயிலு ஜாஸ்தியா இருக்குது."

"வேணாம்மா. அப்புறமா குடிக்கிறேன்."

"ஏம்மா, நீங்களும் விரதமா?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. கார் வரும்வரை நின்ற இடத்தைவிட்டு அசையவும் இல்லை. ஏறும்போது, "மாத்திடலாம் செல்வி" என்றார்.

புத்தகம் வந்துவிட்டது. விரதம் போய்விட்டது, கழிப்பறை இல்லை என்று தெளிவாகவே இருக்கிறது. கீழே சின்ன எழுத்தில், 'ஆதாரம்: அருள்மொழியின் கள ஆய்வு.' சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் அம்மா ஆயுசு முழுக்க அடக்கியது வெறும் அனுபவம், மேடம் ஒரு மத்தியானம் அடக்கியது ஆதாரம் என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

வீட்டில் படித்துக் காட்டினேன். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "ஒன் பேரு எங்கடி?" என்றாள்.

நாளைய வகுப்புக்காக அந்தப் பக்கத்தை மடித்துவைத்தேன்.