வெண்டெல் சுட்ட கத்தரிக்காய்

மகள் கோரா பள்ளிப் படிப்பை முடித்ததற்கு விருந்து. இல்லாவிட்டால் ராய்ஸ் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டான். நாலு வருஷம் முன்பு வரை அந்தக் கொல்லைப்புறத்தில் கரி மூட்டியவன் அவன்தான். கோடை வந்தால் அவன் சுடும் பன்றி விலாவுக்குத் தெருவே தட்டை ஏந்தி நிற்கும். இப்போது அதே அடுப்பின் முன் இடுக்கியோடு நின்றவன் வெண்டெல், ராய்ஸின் முன்னாள் மனைவி மார்லீனின் புதுக் கணவன்.

"வாங்க ராய்ஸ். உங்களுக்குன்னு இந்தப் பக்கம் காய் போட்டிருக்கேன். எண்ணெய் ரொம்பக் கொஞ்சம். எலுமிச்சை, பூண்டு, அவ்வளவுதான்."

குடைமிளகாய், வெள்ளரி மாதிரி நீண்ட சுக்கினி, காளான், முழுசாக நாலு பெரிய கத்தரிக்காய்.

"எனக்கு எதுக்குத் தனியா?"

"மார்ச்ல உங்களுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்கன்னு மார்லீன் சொன்னா."

ராய்ஸுக்குச் சுருக்கென்றது. தன் நெஞ்சுவலி இந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பேச்சாகியிருக்கிறது. இவன் வேறு அதைக் கேட்டுப் பரிதாபப்பட்டிருக்கிறான்.

அதற்குள் கோரா ஓடிவந்து, சுடச்சுட ஒரு சுக்கினித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நீ எப்போலேர்ந்து காய் திங்கற?" என்றான் ராய்ஸ்.

"வெண்டெல் சுட்டா திம்பேன். நீ டப்பா பட்டாணியைச் சூடு பண்ணிக் கொட்டுவ. அதை நாய்கூட மோந்து பாக்காதுப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். ராய்ஸும் சிரித்தான், வயிறு எரிய.

ரொட்டி எடுத்துவர வெண்டெல் உள்ளே போனான். விருந்தாளிகள் எலுமிச்சைச் சாறு வைத்திருந்த மேஜைப் பக்கம் நகர்ந்தார்கள். ராய்ஸ் இடுக்கியை எடுத்தான். காய்கள் அத்தனையையும் கரி கனன்று கொண்டிருந்த பக்கம் தள்ளி, மூடியைக் கவிழ்த்துவிட்டு விலகி நின்றான். நாலு வருஷத்தில் முதல்முறையாக மனசுக்கு இதமாக இருந்தது.

வெண்டெல் திரும்பி வந்து மூடியைத் தூக்கியபோது குபீரென்று புகை எழுந்தது. "அடடா!"

"காத்து அடிச்சுது போல," என்றான் ராய்ஸ்.

சுக்கினியும் காளானும் குடைமிளகாயும் கரிக்கட்டையாகிக் குப்பைக்குப் போயின. ஆனால் வெண்டெல் கருகிய கத்தரிக்காயைப் பிளந்து, உள்ளே வெந்திருந்த சதையை வழித்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் விட்டு மசித்தான். எல்லோரும் ரொட்டியால் அள்ளி அள்ளித் தின்றார்கள்.

"இன்னிக்கு இருக்கறதுலயே இதுதான் பிரமாதம்," என்று விரலை நக்கினாள் மார்லீன்.

ராய்ஸ் வேலியோரம் ஒதுங்கினான். கோரா பின்னாலேயே வந்தாள்.

"ஜன்னல்லேர்ந்து பாத்தேன்ப்பா. எதுக்கு அப்படிப் பண்ணுன?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அவன் சுட்டதை நீ ஆசையா தின்ன. எனக்குத் தாங்கல."

அவள் திரும்பிச் சிநேகிதிகளிடம் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ராய்ஸ் வெண்டெலிடம் போனான். "காத்து இல்ல. நான்தான்."

"தெரியும். காத்துக்கு இடுக்கி பிடிக்கத் தெரியாதே," என்றான் வெண்டெல். முகத்தில் சிரிப்பில்லை. கொஞ்ச நேரம் கரியைக் கிளறினான். "உள்ள இன்னும் குடைமிளகாய் இருக்கு. கெடுத்தது நீங்க, சுடறதும் நீங்க."

ராய்ஸ் உள்ளே போய் எடுத்து வந்தான். குடைமிளகாயை அகலமாக நறுக்கி, மிதமான சூட்டில் வைத்து, பக்கத்திலேயே நின்று திருப்பிப் போட்டுச் சுட்டான். முதல் தட்டைக் கோராவிடம் நீட்டினான். அவள் மென்றாள்.

"நல்லாருக்குப்பா."

"வெண்டெல் சுடறதை விடவா?" வாயை அடக்குவதற்குள் கேட்டுவிட்டான்.

"அதெல்லாம் கேக்காதப்பா," என்று இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டாள் கோரா.