சிவக்காத செடி

மூன்றாவது பார்சல் வந்த அன்று சங்கரேஸ்வரி போலீஸ் காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. விடியற்காலையிலிருந்து குற்றாலம் மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நின்று, “நகருங்கம்மா, நகருங்க” என்று கத்தியும் விசில் ஊதியும் தொண்டை கட்டியிருந்தது. சாரலில் ஊறிப்போய்த் தென்காசி வீட்டுக்குள் நுழைந்தால், மீன்தொட்டிக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டி கிடக்கிறது. கூடவே போனும் அடிக்கிறது.

“பிரிச்சிட்டியா?” என்றான் புருஷன் மாரிராஜ். ராணுவத்தில் ஹவில்தார், ஜெய்சல்மர் பக்கம் மணல்காட்டில் இருந்தான்.

“இப்பதான் வந்தேன். என்னது இது?”

“மண்ணு. செடிக்குன்னே செஞ்சது. பழைய கல்லையெல்லாம் அள்ளிட்டு இதைப் போடணும். நாளைக்கு உனக்கு ரெஸ்ட்தான?”

மூன்றடித் தொட்டி அது. போன லீவில் அவன் வைத்துவிட்டுப் போனது. சாதாரணப் பாசிச்செடிகளும் பதினைந்து கப்பி மீன்களும் யாருக்கும் தொந்தரவில்லாமல் பிழைத்துக் கிடந்தன. அதற்குப் பிறகுதான் அவன் யூடியூபில் எதையோ பார்த்தான். தரையெல்லாம் புல் விரித்தாற்போல ஒரு செடி, பின்னால் ரத்தச் சிவப்பில் இன்னொரு செடி. அப்படி ஒரு தொட்டி வீட்டில் வேண்டும் என்று பிடித்துக்கொண்டான். முதல் பார்சலில் பெரிய விளக்கு வந்தது. இரண்டாவதில், செடி செழிக்கத் தண்ணீருக்குள் கார்பன் டை ஆக்சைடு விடுகிற குழாயும் வால்வும். சிலிண்டரை அவளே, தீயணைப்புக் கருவிகளுக்கு கேஸ் அடைக்கிற மசூது பாய் கடையில் நிரப்பி, ஸ்கூட்டரில் காலிடுக்கில் வைத்துக் கொண்டுவந்தாள்.

ரெஸ்ட் நாள் முழுக்கக் கல் அள்ளுவதில் போனது. போனை ஜன்னலில் சாய்த்து வைத்துக்கொண்டு அவன் அங்கிருந்து சொல்ல, இவள் இங்கே முழங்கை வரை சேற்றில் நின்றாள். “பின்னாடி உசரமா, முன்னாடி சரிவா போடு. இல்ல இல்ல, இன்னும் சரிவா.” தண்ணீர் கலங்கிக் காப்பி நிறமானது. மீன்களை வாளியில் விட்டிருந்தாள். அன்று அவள் மதியச் சோறு தின்றது நாலு மணிக்கு.

புல்செடியோடு சிவப்புச் செடியும் பெங்களூரிலிருந்து ஐஸ் வைத்து வந்தது. மாமியார் வடிவம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏளா, இது வயக்காட்டுக் களையில்லா? இலத்தூர்ல நடவு முடிஞ்சதும் இதைப் பிடுங்கிப் பிடுங்கி எனக்கு இடுப்பு போச்சு. இதையா வெலைக்கு வாங்கியிருக்கான்?”

“அவுகட்டயே கேளுங்கத்தை.”

கேட்டாள். “அது வேற, இது வேறம்மா” என்றான் அவன்.

பத்தே நாளில் இலைகள் கண்ணாடிபோல் ஆகிக் கரைந்தன. கல்லிலும் குழாயிலும் பச்சைப் பாசி முடி முடியாகப் படர்ந்தது. மாரிராஜ் ஒரு டெஸ்ட் கிட் அனுப்பினான். சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்ததில், போர்வெல் தண்ணீரில் உப்பு ரொம்ப அதிகம், இந்தச் செடிக்கு ஆகாது என்று தெரிந்தது.

“குத்தாலத்துலதான நிக்கே? அருவித் தண்ணி உப்பில்லாத தண்ணி. ரெண்டு கேன் பிடிச்சிட்டு வந்திரேன்” என்றான், ஏதோ பக்கத்துக் கடையில் தயிர் வாங்கிவரச் சொல்வதுபோல.

சீசன் கூட்டத்தில் அவள் டூட்டி முடிந்து, அருவிக்குக் கீழே ஓரமாக வழிந்தோடுகிற இடத்தில் இரண்டு கேன் பிடித்தாள். “மேடம், தீர்த்தமா?” என்று ஒருத்தி கேட்டுவிட்டுப் போனாள். இரண்டையும் தொட்டியில் ஊற்றிய பிறகுதான் புரிந்தது. அத்தனை பேர் தேய்த்துக் குளித்த எண்ணெயும் ஷாம்பும் தண்ணீர்மேல் ஆடை கட்டி மினுங்கின. செய்தித்தாளை விரித்து விரித்து அந்த எண்ணெயை ஒற்றி எடுப்பதற்குள் கழுத்து வலி கண்டுவிட்டது.

அதன்பிறகு யாரும் சொல்லாமலே மொட்டைமாடியில் ஒரு டிரம்மை வைத்து மழைத்தண்ணீர் பிடித்தாள். டெஸ்ட் கிட்டில் அது தேறியது. வாரத்துக்கு ஆறு வாளி சுமந்து இறக்கினாள். புல்செடி ஒரு மூலையில் வேர் பிடித்தது. எரிச்சலோடு எரிச்சலாக, அதைப் பார்க்க அவளுக்கே ஒரு ஆசை வந்திருந்தது. யூனிபார்மோடு குனிந்து புதுத் துளிர் எண்ணுகிற அளவுக்கு.

ஆடி கடைசியில் இரண்டு நாள் காற்றும் மழையுமாக அடித்தது. கரண்டு போவதும் வருவதுமாக இருந்தது. மறுநாள் காலை டூட்டிக்குக் கிளம்பும்போது தொட்டியைப் பார்த்தாள். கேஸ் அளவு காட்டுகிற கண்ணாடிக் குமிழ் பச்சையாக இருக்க வேண்டியது, எலுமிச்சை மஞ்சளாக இருந்தது. விளக்கு அணைந்ததும் கேஸை அடைக்கிற வால்வு, கரண்டு போய் வந்ததில் திறந்தபடியே மாட்டிக்கொண்டு, ராத்திரி முழுக்கக் குமிழி விட்டிருக்கிறது. மூச்சு முட்டிப் பதினோரு மீன்கள் மிதந்தன. நாலு மட்டும் மேலே வாயைத் திறந்து திறந்து மூடின. சிலிண்டரை அடைத்து, அந்த நாலையும் வாளிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“மீனு செத்துப்போச்சி. பதினொண்ணு.”

“செடிக்கு ஒண்ணும் ஆகலல்லா?” என்றான்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“மூணு மாசமாச்சி. ஒரு நாளாவது நீ தின்னியா, தூங்கினியான்னு கேட்டியளா? செடிக்கு லைட்டு எட்டு மணி நேரமா, செடிக்கு உரம் விட்டியா, செடிக்குத் தண்ணி மாத்தினியா! நான் அங்கன பதிமூணு மணி நேரம் தண்ணிக்குள்ள நின்னுட்டு வந்து இங்கனயும் தண்ணி சுமக்கேன். இனிமே தொட்டிப் பேச்சை எடுத்தா போனை எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

வைத்துவிட்டாள். மூன்று நாள் எடுக்கவுமில்லை. நாலாம் நாள் அவன் அம்மாவைக் கூப்பிட்டு இவளிடம் கொடுக்கச் சொன்னான்.

“இங்க எங்க பாத்தாலும் மணலுதான் சங்கரி. வீடியோவுல அந்தப் பச்சையப் பாத்தா...” என்று இழுத்தான். “தப்புதான்.”

“உங்களுக்குப் பச்சை வேணும்னா லீவு போட்டு வந்து நீங்க வளத்துக்கிடுங்க” என்றாள். மனசு கொஞ்சம் இளகியது, ஆனால் குரலில் அதைக் காட்டவில்லை.

விளக்கை நாலு மணி நேரமாகக் குறைத்தாள். கேஸைத் திறக்கவே இல்லை. சிவப்புச் செடி கரைந்துபோய், மிஞ்சிய இரண்டு குச்சிகள் சாதாரணப் பச்சையில் துளிர்த்தன. மாரிராஜ் வீடியோவில் அதைப் பார்த்தான். செவக்கலையே என்று கேட்க வாயெடுத்து, எப்படி இருக்கே, சாப்பிட்டியா என்று கேட்டான்.

புரட்டாசியில் லீவுக்கு வந்தான். பையில் துணிமணிக்கு நடுவே புல்செடி நாலு டப்பா. மறுநாள் காலை அவன் இடுக்கியை எடுத்துக்கொண்டு தொட்டிமுன் உட்கார்ந்தபோது அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தால், அவன் அதே இடத்தில் சட்டை நனைந்து உட்கார்ந்திருந்தான். மண்ணில் பத்துப் பதினைந்து செடி நின்றது. மற்றதெல்லாம் மேலே மிதந்தது. தண்ணீர் கலங்கல்.

“நட்டா நிக்கவே மாட்டேங்குது. ஒண்ணை ஊனினா ரெண்டு கிளம்பி வருது. இதை எப்படி நீ...” என்று ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்தினான். “வாங்கி அனுப்பின சமயத்துல இவ்வளவு பாடுன்னு எனக்குத் தெரியல.”

“தண்ணி கலங்கிட்டு. பாதியை வடிச்சிட்டு மாத்தணும், இல்லன்னா நாளைக்கே பாசி பிடிக்கும்” என்றாள் அவள், பெல்ட்டைக் கழற்றியபடி. “டிரம்மு மாடியில இருக்கு. ஆறு வாளி.”

குளிக்கப் போனாள். மாடிப்படியில் வாளி இடிபடுகிற சத்தமும், “ஏலே, படியில சிந்தாதடா” என்கிற வடிவம்மாளின் அதட்டலும் கேட்டன. அன்று அவள் வெந்நீரில், அவசரமில்லாமல் குளித்தாள்.